திறந்து கிடந்த சர்வரில் ஒரு ரகசியப் பட்டியல்: வெளியிடலாமா, மேடம்?

இணையதளங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் ஓர் இளைஞர் வழக்கறிஞரான எனக்கு நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஊர், துறை, நிறுவனம் மூன்றையும் மறைத்துவிட்டேன். விஷயம் இதுதான்.

மாநில அரசுத் துறை ஒன்றின் தளத்தைச் சோதித்து ஓட்டைகளைச் சொல்லும் ஒப்பந்தம் இவர் வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. சோதனை நடந்துகொண்டிருந்தபோது, ஒப்பந்தத்தின் ஸ்கோப்பில், அதாவது சோதிக்க அனுமதித்த எல்லைக்குள், இல்லாத ஒரு சப்டொமைனில் (தளத்தின் கிளை முகவரியில்) பேக்கப் ஃபோல்டர் ஒன்று பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்தது. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் ஃபைல்களின் பட்டியல் வந்து நிற்கிறது. உள்ளே விண்ணப்பதாரர்களின் ஆதார் நகல்கள், செல் எண்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைல். அவற்றோடு, அங்கே எப்படி வந்ததென்றே புரியாத ஒரு பி.டி.எஃப். முதல் பக்கத்தில் "ரகசியம்" என்ற முத்திரை. ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டவர்களின் பெயர், செல் எண், யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற குறிப்பு, கடைசிக் கட்டத்தில் "கண்காணிப்பில்" என்ற சொல்.

முழு ஃபோல்டரையும் அலுவலக லேப்டாப்பில் இறக்கி, பென்டிரைவிலும் சொந்த கூகுள் டிரைவிலும் பிரதி வைத்திருக்கிறார். மேனேஜரிடம் சொன்னபோது கிடைத்த பதில்: "ஸ்கோப்ல இல்லாததை ஏன் தொட்ட? பேமெண்ட் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத." ஃபோல்டர் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

"ஸ்னோடன் செய்ததைத்தானே நான் செய்யப்போகிறேன்? பொதுவெளியில் கிடந்ததை எடுப்பது ஹேக்கிங் இல்லையே? முறைகேட்டை அம்பலப்படுத்துபவர்களுக்கு விசில்ப்ளோயர் சட்டம் இருக்கிறது, ஆர்.டி.ஐ. இருக்கிறது. இணைய முகவரியை மறைக்கும் வி.பி.என். போட்டு ஒரு பத்திரிகையாளருக்கு அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பத்திரிகையாளர் சோர்ஸைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நீங்கள் கேட்டால் இரண்டு பக்கம் உங்களுக்கும் அனுப்புகிறேன், மேடம்" என்கிறார். இந்த வேலையில் தொடரலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

அந்த இரண்டு பக்கங்களை எனக்கு அனுப்ப வேண்டாம். அலுவல் ரகசியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கொடுப்பவரோடு நிற்பதில்லை, தெரிந்து வாங்குபவரையும் பிடிக்கும். இன்னொன்று, வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 132-ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு. ஒரு பத்திரிகைப் பகுதிக்கு மின்னஞ்சல் எழுதுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதுவரை எழுதியது போதும். இனி எழுத வேண்டியவற்றை ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயிரக்கணக்கானோரின் ஆதார் நகலைத் தெருவில் போட்டதைப்போல் வைத்துவிட்டு, சொன்னவனையே அதட்டினால் யாருக்கும் வரும் கோபம்தான். ஆனால் கோபத்தில் நீங்கள் இரண்டு விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். ஒன்று ஓட்டை, மற்றது ஆவணம். ஓட்டையை இன்றே அடைக்கச் சொல்ல வேண்டும், அதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது, அதில் தர்மசங்கடம் எதுவுமில்லை. ஆவணத்தை என்ன செய்வது என்பது வேறு கணக்கு. அதற்கு அவசரமும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பத்திரிகையாளரிடம் கொடுத்தால் ஓட்டை அடைபடுவது தாமதமாகும், உங்கள் வழக்கு மட்டும் பெரிதாகும்.

"திறந்துதானே கிடந்தது?"

இதுதான் உங்கள் கடிதத்தின் அஸ்திவாரம். அதுவே பலவீனமாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு பாஸ்வேர்டு இருந்ததா, உடைத்தீர்களா என்று கேட்கவில்லை. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் நுழைந்தாலோ, தரவை இறக்கினாலோ, நகலெடுத்தாலோ போதும். உங்களுக்கு இருந்த அனுமதி ஸ்கோப் ஆவணத்தில் எழுதியிருந்த முகவரிகளுக்கு மட்டும். அந்த சப்டொமைன் அதில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இது குற்றமாக மாற 66-ஆம் பிரிவின்படி நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் வேண்டும். நிரூபித்தால் 3 ஆண்டு வரை சிறை. உங்களுக்கு அப்படி நோக்கம் இல்லை என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஒரு ஃபைலைத் தொட்டதும் நிறுத்தி, முகவரியையும் நேரத்தையும் குறித்து, விவரங்களை மறைத்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு விட்டிருந்தால் அந்த வாதம் இரும்பாக இருந்திருக்கும். முழு ஃபோல்டரையும் சொந்த டிரைவுக்கு ஏற்றியது அதைத் தகரமாக்கிவிட்டது. அந்த சர்வர் அரசிதழில் "பாதுகாக்கப்பட்ட அமைப்பு" என்று அறிவிக்கப்பட்டதாக இருந்தால் 70-ஆம் பிரிவு வரும், அது 10 ஆண்டு வரை. உங்கள் துறைக்கு அப்படி இருக்க வாய்ப்பு குறைவு என்றாலும், வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டிய தாள் அதுதான். ஒப்பந்த வேலையில் கைக்கு வந்த தனிநபர் விவரங்களை, இழப்பு நேரும் என்று தெரிந்தே வெளியே கொடுப்பதற்கு 72ஏ என்று தனிப் பிரிவும் இருக்கிறது.

அடுத்தது முதலில் சொன்ன அலுவல் ரகசியச் சட்டம், 1923-ஆம் ஆண்டுச் சட்டம். அது அரசு ஊழியருக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அரசோடு ஒப்பந்தம் செய்தவரிடம் வேலை பார்ப்பவரையும் 5-ஆம் பிரிவு பெயர் சொல்லாத குறையாகச் சேர்த்திருக்கிறது. அதாவது உங்களை. வெளியே கொடுப்பது மட்டுமல்ல, வைத்திருக்க உரிமை இல்லாதபோது வைத்திருப்பதும் அந்தப் பிரிவுக்குள் வரும். முத்திரை குத்திவிட்டால் எல்லாமே ரகசியம் ஆகிவிடாது, சட்டமே "ரகசியம்" என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை, இது போராட்டக் கூட்டத்தைப் பற்றிய குறிப்புதானே என்றெல்லாம் நீதிமன்றத்தில் வாதாடலாம். ஜெயிக்கவும் கூடும். ஜெயிக்கும்வரை எங்கே இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. காஷ்மீர் டைம்ஸ் நாளிதழின் டெல்லி நிருபர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் இதே சட்டத்தில் கைதானார். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது இணையத்தில் யாரும் படிக்கக்கூடிய, இஸ்லாமாபாத் ஆய்வு நிறுவனம் ஒன்றின் கட்டுரை. அது பொதுவெளியில் இருப்பதுதான் என்று ஆகி, அரசு வழக்கைத் திரும்பப் பெற்றபோது 2003 ஜனவரி. இடையில் சுமார் ஏழு மாதம் திகார் சிறை. "நெட்டில் இருந்ததுதானே" என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வழக்குதான்.

நீங்கள் நம்பியிருக்கும் சட்டங்கள்

விசில்ப்ளோயர்கள் பாதுகாப்புச் சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் பிறகு அது நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. கொண்டுவந்திருந்தாலும் உங்களுக்கு உதவியிருக்காது. உரிய அதிகாரியிடம், சொந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கும் புகாருக்குத்தான் அதில் பாதுகாப்பு. மொட்டைக் கடிதத்துக்கும் பத்திரிகைக்கும் இல்லை. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் ஊழலைச் சொன்ன பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கயாவில் கொல்லப்பட்ட பிறகு, 2004-இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம், பெயரை ரகசியமாக வைப்பார்கள். அது மத்திய அரசு ஊழியர்கள், மத்திய நிறுவனங்கள் சம்பந்தப்பட்டது. உங்களுடையது மாநிலத் துறை.

ஆர்.டி.ஐ. சட்டம் 8(2)-ஐ நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். ரகசியச் சட்டம் இருந்தாலும், பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. தரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு. ஊழியரோ ஒப்பந்தக்காரரோ தாமே எடுத்துக்கொள்ளும் உரிமமாக அதைப் படிக்க முடியாது. உளவுப் பிரிவுகளை அறிவிக்கை மூலம் சட்டத்திலிருந்தே விலக்கி வைக்க மாநில அரசுக்கும் 24(4) இடம் தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் மட்டும் அந்த விலக்கைத் தாண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரஃபேல் போர் விமான வழக்கையும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆவணங்களை 'தி இந்து' வெளியிட்டபோது, அவற்றைப் பார்க்கவே கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு ஆவணத்தைச் சாட்சியமாகப் பார்க்கலாம் என்பதற்கானது. எடுத்துக் கொடுத்தவர் மீது வழக்குப் போடக்கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆவணங்களைப் பார்த்த பிறகும் அதே ஆண்டு நவம்பரில் சீராய்வு மனுக்கள் தள்ளுபடி ஆயின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகையாளரின் சோர்ஸ் பற்றி: பிரஸ் கவுன்சில் முன்பு சோர்ஸைச் சொல்லும்படி பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ் விசாரணையிலோ நீதிமன்றத்திலோ அவருக்கு எனக்கிருப்பதுபோல் சாட்சியச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. நல்ல பத்திரிகையாளர் சொல்ல மாட்டார்தான். அவருடைய செல்போனையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனால் அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"யாருக்குத் தெரியப்போகிறது?"

இந்தக் கேள்வியை ஒரு பாதுகாப்புச் சோதனையாளர் கேட்பது எனக்கு ஆச்சரியம். அந்த ஃபோல்டரை நீங்கள் திறந்த நேரம், ஐ.பி. முகவரி, பிரவுசரின் பெயர், எத்தனை எம்.பி. இறக்கினீர்கள் என்பது அனைத்தும் அந்த சர்வரின் ஆக்சஸ் லாகில், அதாவது வருகைப் பதிவில், இருக்கும். நீங்கள் போனது அலுவலக நெட்வொர்க் வழியாக. லேப்டாப்பில் பென்டிரைவ் செருகியது அதன் உள்பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கும். கூகுள் டிரைவுக்கு ஏற்றியதை நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் குறித்திருக்கலாம். இனிமேல் வி.பி.என். போடுவது, நடந்துபோன தடத்தை அழிக்காது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் பல வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

தொழில்நுட்பத்தைவிட எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்ற ஒப்பந்த ஊழியர், 2016 தேர்தலில் ரஷ்ய ஊடுருவல் பற்றிய ஓர் உளவு அறிக்கையை 2017-இல் செய்தித் தளம் ஒன்றுக்குத் தபாலில் அனுப்பினார். உண்மைதானா என்று சரிபார்க்க அந்தத் தளம் பிரதியை அரசுத் தரப்புக்குக் காட்டியது. தாளில் மடிப்புத் தடம் இருந்தது, ஆகவே யாரோ அச்செடுத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதை அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரில் ஒருவர்தான் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தத் தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். பிரிண்டர் போடும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள் பற்றிப் பிறகு உலகமே பேசியது, ஆனால் அந்தப் புள்ளிகள் இல்லாமலேயே ஆளைப் பிடித்திருப்பார்கள். தண்டனை 5 ஆண்டு 3 மாதம். உங்கள் விஷயத்தில் அந்த ஆறு எத்தனை? அந்த ஃபோல்டரைப் பற்றி மேனேஜருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், உங்களோடு ஒரே லாகினில் வேலை செய்யும் ஜூனியருக்கும் தெரிந்திருக்கலாம். செய்தி வந்த மறுநாள் மூவரையும் அழைப்பார்கள்.

அந்த ஜூனியரைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனின் ஜி.சி.ஹெச்.கியூ. உளவு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கேத்தரின் கன், ஈராக் போருக்கு முன்பு ஐ.நா. தூதர்களை ஒட்டுக்கேட்க அமெரிக்கா உதவி கேட்ட மின்னஞ்சலை 2003-இல் வெளியே கொடுத்தார். செய்தி வந்ததும் அலுவலகத்தில் எல்லோரையும் விசாரிக்கத் தொடங்கினார்கள். சில நாளில் அவரே மேலதிகாரியிடம் போய் "நான்தான்" என்று சொல்லிவிட்டார். 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பு சாட்சியம் எதையும் முன்வைக்காமல் வழக்கைக் கைவிட்டது. எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. நான் கவனிப்பது அவர் விடுதலையானதை அல்ல. பெயரைச் சொல்லியும் தன் செயலுக்குப் பக்கத்தில் அவரால் நிற்க முடிந்தது. நீங்கள் எடுக்கும் முடிவை "கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்ற நம்பிக்கையில் எடுக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, அப்போதும் அதையே செய்வீர்களா என்று பாருங்கள்.

ஸ்னோடன் செய்தது என்ன?

உளவு அமைப்புகளின் ரகசியம் வெளியே வருவது எப்போதுமே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் 2013-இல் கொடுத்த ஆவணங்கள் இல்லையென்றால், அமெரிக்கா தன் சொந்தக் குடிமக்களின் தொலைபேசித் தொடர்பு விவரங்களை மொத்தமாக அள்ளியது வெளியே தெரிந்திருக்காது. அந்தத் திட்டம் சட்டத்தை மீறியது என்று 2020 செப்டம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. உங்கள் தொழிலுக்கும் அதில் பங்கு உண்டு. டேட்டா சென்டர்களுக்கு இடையே ஓடும் கேபிளில் ஒட்டுக்கேட்டது தெரிந்த பிறகுதான் கூகுள் போன்ற நிறுவனங்கள் உள்வழித் தடங்களையும் என்க்ரிப்ட் செய்வதை, அதாவது பூட்டுவதை, வேகப்படுத்தின. பரவலான கண்காணிப்பையே ஒரு தாக்குதலாகக் கருத வேண்டும் என்று இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 2014-இல் எழுதி வைத்தது.

ஆனால் ஸ்னோடன் அள்ளியதை அப்படியே கொட்டவில்லை. பத்திரிகையாளர்களிடம் கொடுத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிக்கச் சொன்னார், முதல் வாரத்திலேயே தன் பெயரையும் சொன்னார். அப்படியிருந்தும் அவர்மீது வழக்கு இன்றும் அப்படியே நிற்கிறது. அவர் ரஷ்யாவில் இருக்கிறார். பொதுநலனுக்காகச் செய்தேன் என்ற வாதத்துக்கு அமெரிக்காவின் 1917-ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தில் இடமில்லை, நம்முடைய 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை.

கட்டுப்பாடு இல்லாத கசிவு என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. விக்கிலீக்ஸ் 2010-இல் அமெரிக்கத் தூதரகத் தந்திகளைச் செய்தித்தாள்களோடு சேர்ந்து, ஆபத்துள்ள பெயர்களை மறைத்து வெளியிட்டது. முழுத் தொகுப்பும் இருந்த என்க்ரிப்ட் செய்த ஃபைல் ஒன்று ஃபைல்களைப் பகிரும் டாரண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பாஸ்வேர்டோ ஒரு புத்தகத்தில் அச்சாகிவிட்டது. இரண்டையும் யாரோ பொருத்திப் பார்த்தார்கள். 2011 செப்டம்பரில் சுமார் 2.5 லட்சம் தந்திகளும் பெயர் மறைக்காமல் உலகத்தின் கையில். அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து கசிந்த எடர்னல்புளூ என்ற தாக்குதல் கருவியோ 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸாகி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். கசிந்த பொருள் யார் கைக்குப் போகும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை.

இப்போது உங்கள் பி.டி.எஃப்.-க்கு வருகிறேன். அது ஒரு பெயர்ப் பட்டியல். வெளியிட்டால் அரசுக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசித்திருக்கிறீர்கள். அதில் இருக்கும் மனிதர்களுக்கு என்ன ஆகும்? "போலீஸ் கண்காணிப்பில் இருப்பவர்" என்று பெயரும் செல் எண்ணும் வெளியே வந்த பிறகு, அந்தப் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைக்குமா, அந்தப் பையனுக்கு வேலையோ பாஸ்போர்ட்டோ சிக்கலில்லாமல் வருமா? யாரைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ அவர்களுடைய அந்தரங்கத்தைத்தான் இரண்டாவது முறையாக மீறுவீர்கள். முதல் முறை அரசு, இரண்டாவது முறை நீங்கள்.

இன்னொன்று, அந்தப் பட்டியல் எதை நிரூபிக்கிறது என்பதிலும் அவசரப்பட்டிருக்கிறீர்கள். "கண்காணிப்பில்" என்று எழுதியிருப்பதாலேயே போனை ஒட்டுக்கேட்டார்கள் என்று ஆகிவிடாது. போராட்டங்களைப் பற்றிப் போலீஸ் குறிப்பெடுப்பது காலங்காலமாக நடப்பது. யார் யாரோடு பேசினார்கள் என்ற அழைப்பு விவரத்தை வாங்குவது ஒரு நடைமுறை, பேச்சையே கேட்பது வேறு நடைமுறை. பேச்சைக் கேட்பதற்கு மாநிலத்தில் உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். 1996 டிசம்பரில், மக்கள் சிவில் உரிமை அமைப்பான பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகளின் வழி வந்தவை இவை. சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூலையில், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இல்லாமல் ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமை மீறல் என்று சொல்லி, 2011-இல் போடப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்திருக்கிறது. சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் பட்டியலின் பின்னால் முறையான உத்தரவு இருந்ததா இல்லையா என்பது அந்த பி.டி.எஃப்.-இல் இல்லை. அது தெரியாமல் வெளியிட்டால், "எல்லாம் விதிப்படிதான்" என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுவார்கள்.

ஓட்டையை அடைக்க

மேனேஜருக்கு வாயால் சொன்னது கணக்கில் வராது. அலுவலக மின்னஞ்சலில் எழுதுங்கள், நிறுவனத்தின் சட்டப் பிரிவையும் தலைமை அதிகாரியையும் சேர்த்து. சப்டொமைன் முகவரி, பார்த்த தேதி, நேரம், ஸ்கோப்புக்கு வெளியே என்பது, ஃபைல்கள் இறக்கப்பட்டிருக்கின்றன என்பது. ஆதார் நகல்கள் இருப்பதைச் சொல்லுங்கள். "இந்தத் தளத்துக்குச் சம்பந்தமில்லாத ஆவணங்களும் உள்ளன" என்று ஒரு வரி போதும். மறைக்கவும் வேண்டாம், உள்ளடக்கத்தை விவரிக்கவும் வேண்டாம். அனுப்புவதற்கு முன் வழக்கறிஞர் ஒருமுறை பார்க்கட்டும்.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள், உங்களைவிட அது யாருக்குத் தெரியும்? ஃபைல் பட்டியலைக் காட்டும் டைரக்டரி லிஸ்டிங்கை நிறுத்துவது ஒரு வரி வேலை. பேக்கப்பை, இணையத்திலிருந்து எட்டக்கூடிய இடமான வெப் ரூட்டுக்கு வெளியே நகர்த்த வேண்டும். கான்ஃபிக் ஃபைல் வெளியே தெரிந்துவிட்டதால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றாமல் ஃபோல்டரை மட்டும் மூடினால் பயனில்லை. தேடுபொறிகள் அந்த ஃபைல்களை எடுத்து வைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு முன்னால் வேறு யாராவது இறக்கியிருக்கிறார்களா என்பதை லாக் சொல்லும். அதனால் லாகை அழித்துவிடக் கூடாது.

நிறுவனம் அசையவில்லை என்றால் செர்ட்-இன். அதே 2022 உத்தரவுப்படி, தரவுக் கசிவு கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்கும் கடமை நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் உண்டு. மீறினால் 70பி(7)-இன் கீழ் ஓராண்டு வரை சிறை. உங்கள் மேனேஜருக்கு இந்த எண்ணைக் காட்டினால் பேமெண்ட் பற்றிய கவலை சற்று மாறலாம். தனிநபராகவும் பாதுகாப்புக் குறைபாடுகளை அங்கே தெரிவிக்கலாம். நிறுவனத்தோடு போட்ட என்.டி.ஏ. (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) தடுக்குமே என்று பயப்படுகிறீர்கள். சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பிடம் குறைபாட்டைச் சொல்வதை ஒரு தனியார் ஒப்பந்தம் தடுத்தால் அது ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி செல்லாது என்றுதான் நான் வாதாடுவேன். ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தில் ஓட்டையைச் சொல்பவர்மீது வழக்கு வராது என்ற உத்தரவாதம் நம் சட்டத்தில் இல்லை. அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதம் அப்படி ஒரு கொள்கையை அறிவித்தது, இங்கே இன்னும் வரவில்லை. அதனால்தான் வழக்கறிஞரின் கடிதத்தோடு போகச் சொல்கிறேன். எக்ஸ் தளத்தில் எழுதி அவமானப்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். அடைபடாத ஓட்டையின் முகவரியை ஊருக்குச் சொன்னால் முதலில் வருபவர் ஆதார் நகல் விற்பவராகத்தான் இருப்பார்.

கையில் இருக்கும் பிரதிகள்

பயத்தில் அழித்துவிடாதீர்கள். சாட்சியத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 238, 241-ஆம் பிரிவுகளில் தனிக் குற்றம், நல்லெண்ணம் என்ற உங்கள் வாதத்தையும் அதோடு அழித்துவிடும். திறந்து பார்ப்பது, பிரதி எடுப்பது, நண்பரிடம் கொடுத்து வைப்பது எதுவும் வேண்டாம். கூகுள் டிரைவில் பகிர்வு லிங்க் இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். பென்டிரைவை என்ன செய்வது, யாரிடம் எப்போது ஒப்படைப்பது என்பதை வழக்கறிஞர் எழுத்துமூலம் முடிவு செய்யட்டும்.

ஆவணத்தில் உண்மையிலேயே உரிமை மீறல் இருக்கிறது என்று அவருக்கும் தோன்றினால், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் மனு போட்டு, ஆவணத்தை மூடிய உறையில் நீதிபதியிடம் கொடுக்கும் வழி இருக்கிறது. பெயர்கள் வெளியே வராது, உத்தரவு இருந்ததா என்ற கேள்விக்கு அரசு பிரமாணப் பத்திரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மனித உரிமை மீறல் என்ற அடிப்படையில் ஆர்.டி.ஐ. மனு போட, 24-ஆம் பிரிவைப் பற்றி மேலே சொன்ன வாக்கியம் அப்போது உதவும். அந்த மனுவை நீங்களே போட வேண்டும் என்றும் இல்லை. உங்கள் பெயர் நீதிபதிக்குத் தெரியும், அரசுக்கும் ஒருநாள் தெரியலாம். மெதுவான வழிதான். சீராய்வு, தள்ளிவைப்பு, வாய்தா எல்லாம் இருக்கும். பத்திரிகையில் ஒரே நாளில் வரும் பரபரப்பு இதில் கிடைக்காது.

அதுவும் தோற்றால், அப்போதும் பத்திரிகைதான் வழி என்று உங்கள் மனசாட்சி சொன்னால்? வழக்கறிஞராக, சட்டத்தை மீறச் சொல்லி உங்களுக்கு நான் எழுத முடியாது. அந்த முடிவை எடுத்தவர்களில் சிலரை வரலாறு மதிக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். அவர்கள் எல்லோரும் தண்டனையைக் கணக்கில் வைத்துக்கொண்டே செய்தார்கள். உங்கள் கடிதத்தில் அந்தக் கணக்கை நான் பார்க்கவில்லை, வி.பி.என்.-ஐத்தான் பார்த்தேன்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது ராஜினாமா செய்யாதீர்கள். இந்த வாரம் விலகினால், தரவை எடுத்துக்கொண்டு ஓடியவர் என்று எழுதுவதற்கு அவர்களுக்கு வசதியாகிவிடும். மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்து, ஃபோல்டர் மூடப்பட்டது என்று பார்த்த பிறகு விலகலாம். அப்போதும் லேப்டாப்பை ஃபார்மேட் செய்து கொடுக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே ஒப்படைத்து, சீரியல் எண், தேதி, வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரிலீவிங் ஆர்டரில் "எந்தத் தரவும் என்னிடம் இல்லை" என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்பார்கள். பென்டிரைவ் விவகாரம் முடியாமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.